ஏரிக்கு அந்தப் பக்கத்து அணில்கள்

நூர் அகமதுவுக்கு அணில் என்றால் அணில்தான். அதில் கிழக்கு என்ன, மேற்கு என்ன? வால் இருக்கிறதா, மரம் ஏறுகிறதா, அப்படியானால் அணில். மனைவி நசீமா எத்தனையோ முறை படம் காட்டி விளக்கிவிட்டாள். அவனும் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிவிட்டு, டீ ஆறிப்போகுது என்பான். நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷர்களோடு குடித்தனம் நடத்துவதற்குத் தனிப் பொறுமை வேண்டும் என்பது கட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

நசீமா திருச்சியில் விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்தவள். வகுப்பில் முதலாக வந்தவள். அந்தச் சான்றிதழ் சான் ஹோசேயில் ஓர் அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடியில், பெட்டிக்குள், பட்டுப் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. வேலை விசாவில் வந்தவன் நூர் அகமது. அவனைச் சார்ந்து வந்தவள் என்று இவளுடைய விசாவில் எழுதியிருந்தது. சார்ந்து வந்தவர்கள் வேலைக்குப் போகக் கூடாது. கிரீன் கார்டு வந்தால் போகலாம். அந்த வரிசையோ நம்மூர் ரேஷன் கடை வரிசையைவிட மோசமாக, நகரவே மாட்டேன் என்றது. காலையில் அவன் ஆபீசுக்குக் கிளம்பினால் சாயங்காலம்வரை அவளும் சுவரும்தான்.

2006-ம் வருஷம் வசந்த காலத்தில் லைப்ரரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தாள். நகரத்துக்குக் கிழக்கே மலைமேல் இருக்கும் பூங்காவில் அணில் கணக்கெடுப்புக்குத் தொண்டர்கள் தேவை. சம்பளம் கிடையாது; அதனால் விசாவும் குறுக்கே வராது. அன்றைக்கே போன் செய்துவிட்டாள். கணக்கெடுப்பை நடத்துகிற எலன், ஒரு மணி நேரம் அவளோடு பேசிப் பார்த்துவிட்டு, இவ்வளவு படித்தவள் இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டாள். வீட்டில்தான் இருந்தேன் என்று நசீமா சொன்னாள்.

அந்த மலையின் ஓக் காடுகளில் ஆதியிலிருந்து வாழ்வது மேற்குச் சாம்பல் அணில். வெள்ளி நிறம், வெள்ளை வயிறு, உடம்புக்கு மீறிய வால், மகா கூச்சம். மனித வாடை பட்டால் மரத்துக்கு மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். நகரத்துத் தோட்டங்களில் திரிவது கிழக்குச் சாம்பல் அணில். நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்து யாரோ எப்போதோ பூங்காவுக்கு அழகாக இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டது. முகத்திலும் முதுகிலும் பழுப்புச் சாயல் ஓடும், வாலுக்கு வெள்ளைக் கரை. எதையும் தின்னும், எங்கேயும் கூடு கட்டும், யாருக்கும் பயப்படாது. அது காலூன்றிய இடங்களில் மேற்கு அணில் மெல்ல மெல்லக் காணாமல் போகிறது என்பது எலனின் கவலை. வெளியிலிருந்து வந்தவை உள்ளூரை விரட்டுகின்றன என்று அவள் ஆரம்பிக்கும்போது தொண்டர்கள் கூட்டத்தில் பாதிப்பேர் நாற்காலியில் நெளிவார்கள். வந்தவர்களில் பலர் சீனர்கள், மெக்சிகோக்காரர்கள், நசீமா.

கிழக்கு அணில் எதுவரை பரவிவிட்டது என்று பார்ப்பதுதான் வேலை. மலையில் ஓர் ஏரி இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது, அந்தப் பக்கம் வரவில்லை. நசீமாவுக்குக் கிடைத்தது அந்தப் பக்கம்.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஃப்ரீவேயில் பறக்கிற கார்களை நினைத்தாலே பயம். சனிக்கிழமை தோறும் நூர் அகமதுதான் கொண்டுபோய் விடுவான். முதல் இரண்டு சனிக்கிழமையும் அவள் காலையிலிருந்து மத்தியானம்வரை மரத்தடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓர் அணில்கூட முகம் காட்டவில்லை. வெறும் தாளோடு இறங்கி வந்தாள். அடுத்த வாரம் கண்டிப்பா வரும் என்று அவன் சொன்னான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். படித்ததெல்லாம் மறந்துபோய்விட்டதோ, கண்ணே துருப்பிடித்துவிட்டதோ என்று அவளுக்குள் ஒரு பயம் வந்திருந்தது.

அதற்கப்புறம் எல்லாம் மாறியது. மேற்கு அணில்கள் ஒன்றிரண்டாகத் தென்பட ஆரம்பித்தன. பிறகு மே மாதத்தில் ஒரு நாள், சரிவில் ஒரு கிளையில், பயமே இல்லாமல் அவளை நேராகப் பார்த்தபடி ஓர் அணில். இடது காது பாதி இல்லை. முகத்தில் பழுப்பு. வாலில் வெள்ளைக் கரை. நசீமா மெதுவாகக் கேமராவை எடுத்தாள். ஏரிக்கு அந்தப் பக்கத்தில் முதல் கிழக்கு அணிலைப் பார்த்தவள் அவள்தான்.

எலன் நம்பவில்லை. ஏரியைச் சுற்றி மொட்டைப் புல்வெளி; மரம் இல்லாத அவ்வளவு தூரத்தை அது எப்படிக் கடந்தது? நசீமா எடுத்த போட்டோவைப் பார்த்ததும் நம்பினாள். அந்தக் கோடை முழுக்க இன்னும் சில வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் வைத்து நசீமா பிரித்தறிந்தாள்: ஒன்றுக்கு வால் நுனி மொட்டை, இன்னொன்றுக்கு மூக்கில் தழும்பு. அறிக்கையில் இது முக்கியமான பகுதியாகப் போகிறது, அதை எழுதியவர் என்று உன் பெயர் இருக்கும், அக்டோபர் கூட்டத்தில் நீயே பேசு என்று எலன் சொல்லிவிட்டாள்.

அன்றிரவு சாப்பிடும்போது நசீமா அதைச் சொன்னதும் நூர் அகமதுவுக்குப் புரையேறிவிட்டது. சந்தோஷத்தில் ஏறிய புரை என்று அவள் நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அந்த வருஷம் நோன்பு செப்டம்பர் கடைசியில் பிறந்தது. மஸ்ஜித்தில் பழக்கமான ஆஃபீஃபா தன் வீட்டில் ஒரு நாள் நோன்பு திறக்கக் கூப்பிட்டிருந்தாள். ஊர்க்காரர்கள், மஸ்ஜித் சிநேகிதர்கள், கூடவே பக்கத்து ஊரான குபெர்டினோவிலிருந்து வள்ளியும் அவள் கணவர் கோபாலசாமியும். கோயமுத்தூர்ப் பக்கத்தவர்கள், நோன்புக் கஞ்சி என்றால் உயிரை விடுவார்கள். பேரீச்சம்பழம் கடித்து, தொழுதுவிட்டு வந்து, பெண்கள் எல்லாரும் கஞ்சிக் கோப்பையோடு பின்கட்டில் உட்கார்ந்தார்கள். அங்கே தொட்டியில் ஆஃபீஃபாவின் கறிவேப்பிலைச் செடி நின்றது. சான் ஹோசேயைச் சுற்றியுள்ள இந்த பே ஏரியாவில் கறிவேப்பிலைச் செடி வளர்ப்பது பிள்ளை வளர்ப்பதைவிடச் சிரமம். குளிர்காலத்தில் அதற்குப் போர்வை, வெயிலுக்கு நிழல், ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள்.

ஆஃபீஃபாதான் ஆரம்பித்தாள். "நசீமா, நூர் அண்ணனுக்கு நான் துஆ செய்யாத நாள் இல்ல. அந்த அணில் இந்தத் தொட்டிய நோண்டி நோண்டிச் செடிய மூணு தடவ புடுங்கிப் போட்டுச்சு. பாய்சன் வைக்கலாம்னு எங்க வீட்டுக்காரவுங்க சொன்னாங்க. அண்ணன்தான் பாவம் பாவம்னு கூண்டு வச்சு, கடலை மிட்டாய் போட்டுப் புடிச்சு, எங்கேயோ காட்டுல கொண்டுபோய் விட்டுட்டாங்க."

"எங்கூட்டுலயும் ஒண்ணு இருந்துச்சுங்க," என்றாள் வள்ளி. "எடது காது பாதி இல்லாதது. அதையும் அவருதானுங்க கொண்டுபோனாரு. சனிக்கிழமை சனிக்கிழமை மலைக்குப் போறேன், அப்படியே விட்டுர்றேன்னாரு."

நசீமாவின் கையில் கஞ்சி ஆறியது. சுற்றிலும் எல்லாரும் அவன் நல்ல மனசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு வீட்டு எலிக்கும் அவனையே கூப்பிடலாமா என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். ஏரியை அணில்கள் எப்படிக் கடந்தன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேம்ரி காரின் டிக்கியில் கடந்தன.

கேட்பதைச் சனிக்கிழமைக்கு என்று நசீமா வைத்துக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை, வழக்கமாக இறங்கும் இடத்தில் இறங்காமல், மேலே போங்க என்றாள். அவளை இறக்கிவிட்டபின் அவன் போய்க் காரை நிறுத்துகிற இடம் அது. கொலஸ்ட்ராலுக்கு நடக்கிறேன் என்று சொல்லியிருந்தான். சோம்பேறி மனுஷன் நமக்காக மலையேறி நடக்கவும் ஆரம்பித்துவிட்டானே என்று அவளும் பூரித்துப்போயிருந்தாள். இப்போது டிக்கியைத் திறங்க என்றாள். திறந்தான். கம்பிக்கூண்டு இருந்தது. அதை மூடியிருந்தது, லாண்டரியில் தொலைந்துவிட்டதென்று அவள் தேடித் தேடி அலுத்த பூப்போட்ட பெட்ஷீட்.

இந்த பே ஏரியா பூராவும் பார்க் கிடக்கிறதே, ஏன் இங்கே என்றுதான் அவள் கேட்டாள். குரல் உயரவில்லை. நூர் அகமது கூண்டின் கம்பியைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"மொதல் ரெண்டு வாரமும் நீ ஒண்ணும் பாக்காம எறங்கி வந்தே. கார்ல ஒரு வார்த்தை பேசல. இங்க வந்ததுலேருந்து நீ எதுக்கும் அவ்ளோ ஆசையா கெளம்புனதில்ல நசீமா. இதையும் விட்டுருவியோன்னு பயந்துட்டேன். ஊர்ல எல்லாரும் அணில் வேணாங்குறாங்க, ஒனக்கு அணில் வேணும். கொண்டாந்து விட்டா நீ பாப்பேல்லன்னு..."

"அது வேற அணில் மச்சான்."

"அப்புறம்தான் வெளங்குச்சு. ஒன்னப் பேசக் கூப்பிட்டாங்கன்னு சொன்ன பாரு, அன்னிக்கு. அதோட நிறுத்திட்டேன். ஆனா நீ இருந்த சந்தோஷத்துல எப்படிச் சொல்றது?"

கோபத்தில் அவனை அந்தச் சரிவில் உருட்டிவிடலாம் போலிருந்தது. அதே நேரம் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழவும் தோன்றியது. நோன்பு வைத்த உடம்பில் இரண்டுக்கும் தெம்பில்லை. பாறையில் உட்கார்ந்துவிட்டாள். கீழே ஓக் மரங்கள் கொட்டை உதிர்க்கிற சத்தம் கேட்டது. ஒரு மேற்கு அணில் தரையோடு தரையாக ஓடி ஒரு மரத்தின் பின்னால் மறைந்தது. இத்தனை வருஷமாக யார் தொந்தரவும் இல்லாமல் இருந்தது அது. அதன் வீட்டுக்குள் அவள் பொருட்டு ஆள் குடியேற்றியாகிவிட்டது. அவளுக்கு ஒரு நல்லது செய்யப்போய் அவன் செய்த காரியம் இது. இதை என்ன சொல்லித் திட்டுவது?

ஒன்று மட்டும் தெரிந்தது. அணில்கள் தாமாகப் பரவின என்று அவள் பெயரில் அச்சாகக் கூடாது. அது பொய். உண்மையைச் சொல்லலாமா என்றால், காட்டு விலங்கைப் பிடித்து வேறிடத்தில் விடுவது சட்டப்படி குற்றம் என்று எலனே முதல் நாள் சொல்லியிருக்கிறாள். அபராதம் என்பது போகட்டும். போன முறை ஊருக்குப் போனபோது, பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அவனுடைய விசாவை மாதக்கணக்கில் சென்னையிலேயே நிறுத்திவைத்தார்கள். என்ன தப்பு செய்தான்? நூர் அகமது என்று பெயர் வைத்திருந்தான், அவ்வளவுதான். இனி ஒரு குற்றமும் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யோசிக்கவே பயமாக இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. தான் தப்பாகப் பார்த்துவிட்டதாகச் சொல்லிவிடுவது. அது மேற்கு அணில்தான், நிறத்தில் ஏமாந்துவிட்டேன் என்று. யாருக்கும் கேடில்லை, போவது நசீமாவின் மதிப்பு ஒன்றுதான். நிஜமாகவே மலைமேல் இருக்கிற கிழக்கு அணில்களை அப்புறம் யார் கவனிப்பார்கள் என்ற கேள்வியும் மனசைக் குடையாமல் இல்லை. அதை அப்போதைக்கு ஓரமாகத் தள்ளினாள். அவனிடம் எதையும் சொல்லவில்லை.

பெருநாள் கழிந்த சனிக்கிழமை லைப்ரரி ஹாலில் கூட்டம். நூர் அகமது பெருநாள் இனிப்பான வட்டலப்பத்தைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். முன்னால் சுவரில் மலையின் பெரிய வரைபடம். ஏரிக்கு அந்தப் பக்கம் மேற்கு அணிலுக்கான பச்சை ஊசிகளுக்கு நடுவே நசீமா குறித்த சிவப்பு ஊசிகள். எலன் அவளை அறிமுகம் செய்து வைத்தபோது பெருமையில் குரலே மாறியிருந்தது. பூங்காவின் ரேஞ்சர் ஒருவர்கூட யூனிஃபார்மோடு வந்திருந்தார்.

நசீமா மேடையேறி, இரவெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். அந்தச் சிவப்பு ஊசிகளை எடுத்துவிடுங்கள். நான் பார்த்தது இளம் மேற்கு அணில்களாக இருக்க வேண்டும். எனக்கு இந்த ஊர் அணில்கள் பழக்கமில்லை.

எலன் திகைத்துப்போனாள். எல்லாமேவா என்று கேட்டாள். வாலின் வெள்ளைக் கரைவரை எழுதியவளாயிற்றே, போட்டோ இருக்கிறதே என்றாள். வெளிச்சம் அப்படி விழுந்திருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள் நசீமா. முன்வரிசையில் ஒரு பெண், புதிதாக வந்தவர்களுக்கு இப்படி ஆவது சகஜம்தான் என்று இரக்கத்தோடு தலையசைத்தாள். அந்த இரக்கம்தான் நசீமாவைச் சுட்டது. யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை. திருச்சியில் மைக்ராஸ்கோப்பில் ஒரு முடியைப் பார்த்தே விலங்கைச் சொன்னவள் அவள்.

அப்போது பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. நூர் அகமது எழுந்து நின்றான். ஆபீஸ் மீட்டிங்கிலேயே வாய் திறக்காத மனுஷன். உட்காருங்க என்று அவள் கண்ணால் கெஞ்சினாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. ரேஞ்சரைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினான். அவள் பார்த்தது சரி என்றான். ஒவ்வொன்றும் சரி. அவை கிழக்கு அணில்கள்தான். நகரத்து வீடுகளில் கூண்டு வைத்துப் பிடித்து, காரில் ஏற்றி, மேலே கொண்டுபோய் விட்டது நான். என் மனைவிக்கு அது தெரியாது. அவளுக்குத் தவறாக எதுவும் பார்க்கத் தெரியாது.

ரேஞ்சர் பேனாவை எடுத்துப் பெயரைக் கேட்டார். நூர் அகமது, விமான நிலையங்களில் சொல்லிப் பழகிய மாதிரி, ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகச் சொன்னான். அவன் குரல் நடுங்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நாலு பேர் முன்னால் நசீமா சொன்னது சரி என்று யாரும் சொன்னதில்லை. சொன்னவன் அதற்கு என்ன விலை கொடுக்கிறான் என்று தெரிந்தே சொல்கிறான். அவளுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது.

எழுதியதை மேலிடத்துக்கு அனுப்புவேன், என்ன வருமென்று என்னால் சொல்ல முடியாது, கூண்டை ஒப்படைத்துவிடுங்கள் என்றார் ரேஞ்சர். எலன் சிரிக்கவும் இல்லை, சமாதானமும் சொல்லவில்லை. இது பெரிய தவறு, இனி அந்தச் சரிவை வருஷக்கணக்கில் கண்காணிக்க வேண்டும் என்றாள். பிறகு நசீமாவைப் பார்த்து, கண் தெரிந்த ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும்தான் இதில் நல்லது, பெயர் அறிக்கையில் இருக்கும், நடந்ததை நடந்தபடி நீயே எழுது என்றாள். மொத்தம் எத்தனை விட்டாய் என்று நூர் அகமதுவிடம் கேட்டாள்.

ஏழு என்றான்.

நசீமா சட்டென்று வரைபடத்தின் பக்கம் திரும்பினாள். சிவப்பு ஊசிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் தொட்டாள். கிழிந்த காது, மொட்டை வால், மூக்குத் தழும்பு, இன்னும் மூன்று. ஆறுதான். கூட்டம், ரேஞ்சர், எலன் எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"ஏழாவது எங்க மச்சான்?"

"அது வாயும் வயிறுமா இருந்துச்சு," என்றான் அவன். "அவ்ளோ ஏத்தத்துல விட மனசு வரல. கீழ ஓடையோரமா விட்டேன். கூண்டத் தெறந்தும் ஓடல. கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு நின்னுச்சு."

என்ன சொல்கிறான் என்று எலன் கேட்டாள். நசீமா பதில் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்கிக் கடைசி வரிசைக்கு நடந்தாள். அவன் கையைப் பிடித்து எல்லார் நடுவிலும் வரைபடத்துக்கு அழைத்து வந்தாள். டப்பாவிலிருந்து ஒரு சிவப்பு ஊசியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"சரியா பாத்துக் குத்துங்க," என்றாள். "என் பேர்ல வரப் போவுது."